பெட்டிக்குள் இருந்த பாதிக் கதை

ஒரு படம்கூட இல்லாத கணினி விளையாட்டுகள் மீது எனக்குத் தீராத காதல். கறுப்புத் திரை, எழுத்துகள், அவ்வளவுதான். ‘வடக்கே போ’, ‘விளக்கை எடு’ என்று நாம் தட்டச்சு செய்தால் கதை நகரும்.

அமெரிக்காவின் இன்ஃபோகாம் நிறுவனம் இதில் ஒரு படி மேலே போனது. 1982இல் வந்த ‘டெட்லைன்’ ஒரு கொலை விசாரணை. அதன் எழுத்தெல்லாம் ஃபிளாப்பி வட்டில் அடங்கவில்லை. சரி, மிச்சத்தைக் காகிதத்தில் கொடுப்போம் என்று முடிவு செய்தார்கள். பெட்டியைத் திறந்தால் சாட்சிகளின் வாக்குமூலம், ஆய்வக அறிக்கை, சிறு பையில் மாத்திரைகள்! துப்பறிபவரின் மேசையே நம் கைக்கு வந்துவிடுகிறது. இப்படிப்பட்ட பொருட்களுக்கு ‘ஃபீலீஸ்’ என்று பெயர்.

எழுத்தாளர் டக்ளஸ் ஆடம்ஸும் விளையாட்டு வடிவமைப்பாளர் ஸ்டீவ் மெரெட்ஸ்கியும் 1984இல் உருவாக்கிய ‘ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு’ விளையாட்டின் பெட்டியில் ஒரு காலிப் பிளாஸ்டிக் பை இருக்கும். உள்ளே நுண்ணிய விண்கலப் படை இருக்கிறதாம், கண்ணுக்குத்தான் தெரியாது! ஆபத்து வந்தால் இருண்டுவிடும் மூக்குக்கண்ணாடி என்று கறுப்பு அட்டையில் ஒன்று. எத்தனை அழகான கற்பனை!

ஆனால் என் மனம் போய் நிற்பது 1985இன் ‘விஷ்பிரிங்கர்’ பெட்டியில்தான். கதையில் நாம் அஞ்சலக ஊழியர், ஒரு மர்ம உறையைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அதே உறை பெட்டியிலும் இருக்கும். அப்புறம் கதையில் வரும் மந்திரக் கல். பிளாஸ்டிக்தான், ஆனால் விளக்கை அணைத்தால் உள்ளங்கையில் ஒளிரும்.

இன்று பதிவிறக்கி விளையாடும்போது அந்தக் கல்தான் இல்லை.