முதல் முறை விழுந்த நேரம்

1.08 விநாடி. ஆராய்ச்சி அணு உலை ஒன்றின் ஆண்டுச் சோதனையில், உலையை நிறுத்த உள்ளே விழவேண்டிய கட்டுப்பாட்டுத் தண்டு ஒன்று முதல் முறை எடுத்துக்கொண்ட நேரம் இது. அதே தண்டு அடுத்த மூன்று முறை விழ எடுத்துக்கொண்டது 0.61, 0.58, 0.57. உலையின் இயக்க வரம்புகளைச் சொல்லும் டெக்னிக்கல் ஸ்பெசிபிகேஷன் அனுமதிப்பது 1 விநாடி. இந்த நான்கில் எதைத் தண்டின் விழும் நேரம் என்று எடுத்துக்கொள்வது? கட்டுப்பாட்டு அறையில் அன்று நடந்த பேச்சு இவ்வளவுதான். ஆனால் முடிந்துவிட்டதாக இன்னும் தோன்றவில்லை.

முதல் எண்ணை அடிக்காமல் லாக்கில் அப்படியே எழுதச் சொன்னார் மேற்பார்வையாளர். ஆனால் அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையத்துக்கு முறைப்படி அறிக்கை தேவையில்லை என்றார். சோதனையை நடத்திய மூத்த ஆபரேட்டர் ஒரே கேள்விதான் கேட்டார்: "நேற்று உலை முழுத் திறனில் ஓடியதே, அப்போது ஸ்க்ராம், அதாவது அவசர நிறுத்தம், வந்திருந்தால் இதில் எந்த எண் வந்திருக்கும்?"

இது ட்ரைகா வகை ஆராய்ச்சி உலை. இந்த வகை உலைகளில் தண்டின் இணைப்புக் கம்பி மேலே ஓர் ஆர்மேச்சரில், அதாவது காந்தம் பற்றும் இரும்புத் துண்டில், முடிகிறது. அதை மின்காந்தம் பிடித்துத் தொங்கவிட்டிருக்கும். ஸ்க்ராம் என்றால் காந்தத்துக்கு மின்சாரம் நின்றுபோகும், தண்டு தன் எடையில் விழும். பயணம் சுமார் 38 செ.மீ. தடையே இல்லாவிட்டால் அந்தத் தூரம் விழ 0.28 விநாடி போதும். நீரின் இழுவை, மிதப்பு, அடிமோதலைத் தணிக்கும் பிஸ்டன் எல்லாம் சேர்ந்து அந்த நேரத்தை இந்த உலையில் ஏறக்குறைய இரட்டிப்பாக்குகின்றன. ஆக 0.57 எதிர்பார்த்த எண். 1.08 என்றால் அரை விநாடி எங்கோ போயிருக்கிறது.

போகக்கூடிய இடங்கள் மூன்று. முதலாவது, கம்பி வளைந்திருக்கலாம், வழிகாட்டிக் குழாயில் உரசலாம், பிஸ்டனின் துளைகள் அடைத்திருக்கலாம், தண்டின் உறை உப்பியிருக்கலாம். இப்படி இயந்திரக் கோளாறாக இருந்தால் பெரும்பாலும் ஒவ்வொரு முறையும் தெரியும். இரண்டாவது, காந்தமுகத்துக்கும் ஆர்மேச்சருக்கும் நடுவே துருவோ எண்ணெய்ப் படலமோ ஒட்டிக்கொண்டிருந்தால் மின்சாரம் நின்ற பிறகும் பிடி உடனே விடாது. ஆனால் ஒருமுறை பிரிந்து மறுபடி சேர்ந்ததும் அந்த ஒட்டல் போய்விடலாம். மூன்றாவது, அளவுக்கருவியே. டைமர் ஸ்க்ராம் பொத்தானில் தொடங்கி, தண்டு அடியைத் தொட்டதைச் சொல்லும் லிமிட் ஸ்விட்சில் நிற்கிறது. ஸ்விட்ச் சற்று சிக்கினால் தண்டு எப்போதோ அடியில் உட்கார்ந்திருக்கும், டைமர் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

இரண்டாவதும் மூன்றாவதும் முதல் முறையோடு மறைந்துபோகக்கூடியவை. இரண்டாம் தடவை பொத்தானை அழுத்திய கணத்திலேயே சாட்சியம் போய்விட்டது. உண்மையான ஸ்க்ராமுக்கு இரண்டாம் வாய்ப்பு இல்லை என்பதால் முதல் எண்ணுக்குத்தான் மதிப்பு என்று ஆபரேட்டர் சொன்னது சரி. மேற்பார்வையாளரின் பதிலையும் தள்ளிவிட முடியாது: தினமும் உலையைத் தொடங்கும் முன் ஒவ்வொரு தண்டையும் கொஞ்சம் தூக்கி ஸ்க்ராம் செய்து பார்க்கிறார்கள். ஆண்டுச் சோதனை நாளில் அந்தக் காலைச் சோதனை இல்லை, உலை முந்தைய நாள் நின்றதிலிருந்து சும்மா கிடந்தது. ஓடும் நாளில் அந்த முதல் விழுகை காலையிலேயே கழிந்துவிடுகிறது. இதைக் கேட்டால் சமாதானமாக இருக்கும், நான்கைந்து மணி நேரம் காந்தம் மின்சாரத்தோடு சூடாகி ஆர்மேச்சரைப் பிடித்தபடியே இருப்பதை நினைக்கும்வரை. அதற்குப் பிறகு வருவதும் ஒரு முதல் விழுகைதானே?

விதி என்ன சொல்கிறது என்று பார்த்தால் இரண்டு பக்கமும் இடம் இருக்கிறது. அமெரிக்கப் பல்கலைக்கழக உலைகளின் ஸ்பெசிபிகேஷன்கள் பெரும்பாலும் அமெரிக்க அணுசக்திச் சங்கத்தின் ஏஎன்எஸ்-15.1 தரநிலையைப் பின்பற்றி எழுதப்பட்டவை. அறிக்கைக்குரிய நிகழ்வு என்றால் அடுத்த வேலை நாளுக்குள் தொலைபேசி, 14 நாளுக்குள் எழுத்தில். பாதுகாப்பு அமைப்பைச் செயலிழக்கச் செய்யக்கூடிய கோளாறு அந்தப் பட்டியலில் உண்டு, ஆனால் பராமரிப்புச் சோதனையிலோ உலை நின்றிருக்கும்போதோ கண்டுபிடிக்கப்பட்டால் விலக்கு. நல்ல விலக்கு. சோதனையில் கிடைக்கும் ஒவ்வொரு குறையும் அறிக்கையானால், குறை கிடைக்காதபடி சோதிக்கும் பழக்கம் வந்துவிடும். ஆனால் அதே பட்டியலில் இன்னொரு வரியும் உண்டு: இயக்க வரம்பை மீறி உலையை இயக்குவது. தண்டு நேற்றே மெதுவாக இருந்திருந்தால் இந்த வரி பொருந்தும். மின்நிலைய உலைகளுக்கு ஆணையம் தந்திருக்கும் வழிகாட்டுதல், வேறு வலுவான ஆதாரம் இல்லாவிட்டால் கண்டுபிடித்த நேரத்தையே கோளாறு ஏற்பட்ட நேரமாகக் கொள்ளச் சொல்கிறது. மேற்பார்வையாளர் அதைப் பிடித்துக்கொண்டார். ஆதாரத்தை அழித்ததே நம் இரண்டாம் சோதனைதான் என்றால் "ஆதாரம் இல்லை" என்று சொல்லும் உரிமை நமக்கு உண்டா என்று யாரும் அன்று கேட்கவில்லை.

இதைவிடச் சங்கடமான ஒன்று பின்னால் தெரிந்தது. செயல்முறைத் தாளில் "மூன்று அளவுகள் எடுத்துச் சராசரியைப் பதிவு செய்க" என்று இருக்கிறது. முதல் மூன்றின் சராசரி 0.76. தாளின்படி தண்டு தேறிவிட்டது! யாரும் எதையும் முடிவு செய்திருக்கவே வேண்டாம். ஸ்பெசிபிகேஷனில் சராசரி என்ற பேச்சே இல்லை. என்றோ ஒருவர், ஸ்டாப்வாட்ச் காலத்தில் கைப்பிழையைக் குறைக்கச் சேர்த்த வரியாக இருக்கலாம். ஆணையத்தின் ஆய்வாளர் வந்து லாக்கைப் புரட்டியபோது அறிக்கை ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. நான்காவது அளவு ஏன் எடுத்தீர்கள், சராசரிக்கு ஆதாரம் எது என்று கேட்டார். ஆய்வாளர்கள் பெரும்பாலும் இப்படித்தான். நாம் தயாராக வைத்திருக்கும் பதிலுக்குரிய கேள்வி வருவதில்லை.

இயற்பியல் பக்கம் நின்று பார்த்தால் இதெல்லாம் அற்ப விஷயம். யுரேனியம்-சிர்கோனியம் ஹைட்ரைடு எரிபொருள் சூடேறியதும் வினைத்திறனை, அதாவது தொடர்வினை வளரும் போக்கை, தானே உடனடியாகக் குறைத்துக்கொள்கிறது. துருப்பிடிக்காத எஃகு உறை கொண்ட எரிபொருளுக்குப் பாதுகாப்பு வரம்பாக வழக்கமாகச் சொல்லப்படுவது 1150 டிகிரி செல்சியஸ். சில நூறு கிலோவாட் உலையில் எரிபொருள் அதன் கிட்டேகூடப் போவதில்லை. வரம்புக்கு மேல் 0.08 விநாடி கூடினால் ஒன்றும் ஆகாது. நானும் இதை நம்புகிறேன். ஆனால் இந்த வாதம் எந்த எண்ணையும் தின்றுவிடும்: 1.08-க்குப் பொருந்துவது 1.4-க்கும் பொருந்தும். 2021 பிப்ரவரி 3 அன்று அமெரிக்காவின் தேசியத் தர, தொழில்நுட்ப நிறுவனமான நிஸ்டின் ஆராய்ச்சி உலையில் எரிபொருள் தொகுப்பு ஒன்று பூட்டப்படாமல் இருந்து சேதமடைந்தது. பூட்டியதைச் சரிபார்க்க அங்கே வழிமுறை இருந்தது. அது பூட்டாததைப் பிடிக்கவில்லை. அது 20 மெகாவாட் உலை, இங்கே ஒப்பிடுவது நியாயம் இல்லைதான். சரிபார்ப்பு முடிந்ததாகக் காகிதம் சொல்வதைப் பற்றி மட்டும் அதை நினைத்துக்கொள்ளலாம்.

கடைசியில் எடுத்த முடிவு நடுவழி: முறையான அறிக்கை இல்லை, ஆணையத்தில் இந்த உலையைக் கவனிக்கும் அதிகாரிக்கு ஒரு மரியாதைத் தொலைபேசி. அதை நேர்மை என்று சொல்லலாம், ஏனென்றால் ஒன்றும் மறைக்கப்படவில்லை. அறிக்கை என்றால் காரணம் என்ன, திருத்தம் என்ன, எப்போதிலிருந்து என்று எழுத்தில் பதில் சொல்ல வேண்டும்; தொலைபேசியில் அந்தக் கட்டாயம் இல்லை என்பதால் அதை வசதி என்றும் சொல்லலாம்.

காரணம் கேட்டிருந்தால் பதிலும் இருந்திருக்காது. மறுநாளே காந்தத்தைக் கழற்றினார்கள், முகத்தில் மெல்லிய பழுப்புப் படலம் இருந்தது, துடைத்தார்கள். கழற்றியதுதான் கழற்றினோம் என்று லிமிட் ஸ்விட்சையும் புதிதாக மாற்றினார்கள். இரண்டையும் ஒரே வேலை உத்தரவில். பிறகு எடுத்த அளவுகள் எல்லாம் 0.55-ஐ ஒட்டி. எதைச் சரிசெய்ததால் சரியானது? ஒன்றை மாற்றிச் சோதித்து, பிறகு அடுத்ததைத் தொட்டிருந்தால் தெரிந்திருக்கும். பராமரிப்பில் மிகச் சாதாரணமான இந்த ஒழுங்கை, அவசரமே இல்லாத நாளில்தான் விட்டுவிடுகிறோம்.

செயல்முறைத் தாள் இப்போது மாறியிருக்கிறது. சராசரி வரி போய்விட்டது. முதல் விழுகை தனிக் கட்டத்தில் பதிவாகிறது. காந்த மின்னோட்டமும் ஸ்விட்ச் சிக்னலும் ஆசிலோஸ்கோப்பில் ஒன்றாக ஏறுகின்றன. மின்னோட்டம் நின்றபின் தாமதமா, ஸ்விட்ச் தொட்டதில் துள்ளலா என்று அலைவடிவம் ஓரளவு காட்டும். முதல் எண் வரம்பைத் தாண்டினால் பொத்தானில் கை வைக்கக் கூடாது, தண்டைத் தூக்கவும் கூடாது.

ஆபரேட்டர் இன்னொன்றும் கேட்டிருக்கிறார்: தண்டை முழுதாகத் தூக்கி, மற்றவை உள்ளே இருக்க, நான்கு மணி நேரம் பிடித்து வைத்து, அதன் பிறகு விழவிட்டு அளக்க வேண்டும். "நேற்று ஸ்க்ராம் வந்திருந்தால்" என்று அவர் கேட்ட கேள்விக்கு அதுவே நெருங்கிய பதில். ஒரு தண்டுக்கு லைசென்ஸ் பெற்ற ஒருவரின் அரை நாள் போகும், மூன்று தண்டுக்கு ஒன்றரை நாள். அந்தப் பரிந்துரை பாதுகாப்புக் குழுவிடம் இருக்கிறது, அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் கடைசிக்கு முந்தைய இடத்தில்.