கைத்துப்பாக்கியோட நியூ ஜெர்சிக்கு குடி மாறுறீங்களா? மேகசினை முதல்ல பாருங்க

டெக்ஸாஸ்ல இருந்து நியூ ஜெர்சிக்கு வேலை மாறி குடும்பத்தோட வந்தாச்சு. துப்பாக்கியும் சட்டப்படி வந்து சேந்தாச்சு, போன வாரம் எஃப்பிஐடி கார்டும் (துப்பாக்கி வாங்க நியூ ஜெர்சில குடுக்கிற அடையாள அட்டை) கைக்கு வந்துடுச்சு. நிம்மதிதான், ஆனா கோவம் இன்னும் அடங்கல. துப்பாக்கியால எனக்கு பெருசா தொல்லை இல்லங்க, அலைய விட்டதெல்லாம் அதுக்குள்ள போடுற மேகசின்தான், அதாவது தோட்டாவை அடுக்கி வைக்கிற டப்பா.

என்கிட்ட இருக்கிறது கிளாக் 19 கைத்துப்பாக்கி. வாங்கும்போதே கூட வர்றது 15 ரவுண்டு, அதாவது 15 தோட்டா பிடிக்கிற மேகசின். டெக்ஸாஸ்ல அதுக்கு வரம்பே இல்ல, இங்க 10 தான். 1990ல இருந்து 15ன்னு இருந்ததை 2018 ஜூன்ல கவர்னர் மர்ஃபி கையெழுத்து போட்டு 10 ஆக்கிட்டாங்க, வச்சிருந்தவங்களுக்கு 180 நாள் டைம் குடுத்தாங்க, அதுவும் அந்த வருஷம் டிசம்பரோட முடிஞ்சுது. இப்ப பெரிய மேகசின் வச்சிருந்தா ஃபோர்த் டிகிரி க்ரைம், 18 மாசம் வரைக்கும் ஜெயில், 10,000 டாலர் வரைக்கும் ஃபைன். தோட்டா உள்ள இருக்கணும்னு கூட இல்ல, காலி மேகசின் கார் டிக்கில கிடந்தாலும் அதே கேஸ்தான்.

நம்மாளுங்க இதை ரெண்டு மடங்கு பயத்தோட பாக்கணும். கிரீன் கார்டுல இருக்கிறவங்க துப்பாக்கி சம்பந்தப்பட்ட குற்றத்துல தண்டனை வாங்கினா நாட்டை விட்டே அனுப்ப இமிக்ரேஷன் சட்டத்துல இடம் இருக்கு. எச்1பில இருக்கிறவங்க பொதுவா துப்பாக்கியே வச்சிருக்க கூடாது, ஹண்டிங் லைசென்ஸ் மாதிரி சில விலக்குதான் உண்டு, அதை நம்பி யாரும் விளையாடாதீங்க.

கிளம்புறதுக்கு முன்னாடி டெக்ஸாஸ்ல நான் வழக்கமா போற கடைல கேட்டேன். கவுண்டர்ல இருந்தவர் ஒரு செகண்ட் கூட யோசிக்காம "ஜெர்சில 15 வரைக்கும் ஓகே, அப்படியே எடுத்துட்டு போங்க"ன்னாரு. 2018க்கு முன்னாடி உள்ள விஷயத்தை இன்னிக்கும் அவ்வளவு உறுதியா சொல்றாரு! அன்னிக்கு ராத்திரி நானே உக்காந்து சட்டத்தை படிச்சதால தப்பிச்சேன், அவர் பேச்சை நம்பி வண்டி ஏறியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு நெனச்சா இப்பவும் வயித்தை கலக்குது.

சரி, 10 ரவுண்டு வாங்கிடலாம்னா டெக்ஸாஸ் கடைகள்ல ஸ்டாக்கே இல்ல, அங்க யாரு 10 ரவுண்டு கேப்பாங்க? ஆன்லைன்ல ஒரு இடத்துல "நியூ ஜெர்சிக்கு ஏத்தது"ன்னு போட்டு வித்தாங்க, டெக்ஸாஸ் அட்ரஸுக்கே ஆர்டர் பண்ணேன். வந்ததும் அடித்தட்டை கழட்டி பாத்தா, உள்ள ஒரு பிளாஸ்டிக் கட்டை சும்மா செருகி வச்சிருக்கு, தட்டினா கீழ விழுது, அப்புறம் அது பழையபடி 15 ரவுண்டு மேகசின். நியூ ஜெர்சில மாத்தி அமைச்சது நிரந்தரமா இருக்கணும், ஈஸியா கழட்டி 10க்கு மேல போட முடிஞ்சா அது செல்லாது. காசு திருப்பி குடுங்கன்னு மெயில் மேல மெயில் போட்டா "பேக்கெட் பிரிச்சா ரிட்டர்ன் இல்ல"ன்னு ஒரே பதில். பிரிக்காம எப்படிங்க பாக்குறது? கடைசில கிளாக் கம்பெனியே போடுற 10 ரவுண்டு மேகசினை வேற இடத்துல புடிச்சேன், மூவர்ஸ் வர்றதுக்கு கொஞ்சம் முன்னாடிதான் வந்து சேந்துது. பழைய 15 எல்லாத்தையும் அங்கயே ஃப்ரெண்டுக்கு குடுத்துட்டு வந்தேன்.

எங்க மூவர்ஸ் துப்பாக்கியும் தோட்டாவும் ஏத்த மாட்டேன்னாங்க, அதனால நானே ஓட்டிட்டு வந்தேன். டென்னசி, விர்ஜினியா வழியா ஐ-81 ஹைவே, அப்புறம் பென்சில்வேனியால ஐ-78. துப்பாக்கி காலியா, பூட்டின பெட்டில, டிக்கில. தோட்டா தனியா. வழில ஒரு பிரச்சனையும் இல்ல.

வந்தப்புறம் ஆரம்பிச்சுது லோக்கல் போலீஸ் ஸ்டேஷன் படலம். 2022 ஜூலை சட்டப்படி புதுசா குடிவந்தவங்க 60 நாளுக்குள்ள எஃப்பிஐடிக்கு அப்ளை பண்ணி, வெளி மாநிலத்துல வாங்கின கைத்துப்பாக்கியை ரெஜிஸ்டர் பண்ணணும். கவுண்டர்ல இருந்த அம்மா "ரெஜிஸ்ட்ரேஷன் எல்லாம் விருப்பம்தான், தேவையில்ல"ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. அடுத்த தடவை சட்டத்தை பிரிண்ட் எடுத்துட்டு போய் அந்த வரியை மஞ்சள் கலர் அடிச்சு காட்டினேன், உள்ள போய் யாரையோ கேட்டுட்டு வந்து ஃபார்மை வாங்கிக்கிட்டாங்க. சாரி எல்லாம் சொல்லல, வாங்கினதே பெரிய விஷயம்.

அதே சூட்டோட, பெரிய மேகசினை ஆணி அடிச்சு எப்பாக்ஸி பசை போட்டு 10 ரவுண்டா அடைச்சா செல்லுமான்னு கேட்டேன், பின்னால வர்ற ஃப்ரெண்டு ஒருத்தருக்கு தேவைப்பட்டுது. "அது எங்க வேலை இல்ல"ன்னு ஒரு நம்பர் குடுத்தாங்க. அங்க கூப்பிட்டா வெப்சைட்ட பாருன்னாங்க. வெப்சைட்ல "நிரந்தரமா மாத்தணும்"னு இருக்கு, எது நிரந்தரம்னா வக்கீலை கேளுன்னாங்க. எனக்கு 10 ரவுண்டு போதும், வீட்டுக்கும் சுட்டு பழகுற ரேஞ்சுக்கும் அது தாராளம். ஆனா ஜெயில் தண்டனை வச்சிருக்கிற ஒரு சட்டத்துக்கு ஆம் இல்லன்னு பதில் சொல்ல கவர்மெண்டு சம்பளம் வாங்குற ஒரு ஆள் வேணுமா வேண்டாமா? அதான் மனசு ஆறல. ஃப்ரெண்டுகிட்ட இப்ப ஒரே வார்த்தைதான் சொல்லியிருக்கேன்: அடைச்சதெல்லாம் வேண்டாம், ஃபேக்டரில 10ன்னே செஞ்சதை மட்டும் வாங்கு.

விரல் ரேகை எடுத்தது அஞ்சு நிமிஷ வேலை. ரெஃபரன்ஸ் குடுக்கிற ரெண்டு பேரையும் ஸ்பேம் ஃபோல்டரை தினம் பாக்க சொல்லுங்க, என் அப்ளிகேஷன் நகராம கிடந்ததுக்கு காரணம் அங்க தூங்கின ஒரு மெயில்தான். 30 நாள்ல கார்டு குடுக்கணும்னு சட்டத்துல இருக்கு, அதை நம்பி எந்த பிளானும் போடாதீங்க.

ஹாலோ பாயிண்ட் (முனைல குழி இருக்கிற) தோட்டாவுக்கும் இங்க கட்டுப்பாடு இருக்கு. வீட்ல வச்சிக்கலாம், ரேஞ்சுக்கு கொண்டு போகலாம், வழில நின்னு ஊர் சுத்த கூடாது.

கோர்ட்ல மாறிடும்னு காத்திருக்கிறவங்களுக்கு: 2024 ஜூலைல ஃபெடரல் ஜட்ஜ் ஏஆர்-15 ரைஃபிளுக்கு இங்க இருக்கிற தடை செல்லாதுன்னாரு, அதே தீர்ப்புல 10 ரவுண்டு வரம்பு செல்லும்னுட்டாரு. அதனால பழசை "இருக்கட்டும் பாக்கலாம்"னு பரண்ல போட்டு வைக்காதீங்க.

இன்னொண்ணு, ஆத்தைத் தாண்டினா பென்சில்வேனியா, அங்க வரம்பு இல்ல, கடை எல்லாம் பக்கம், விலையும் கம்மி. 15 ரவுண்டு மேகசினை அங்க சட்டப்படி வாங்கி பில்லோட பாலம் ஏறி இந்தப் பக்கம் வந்தாலும் அது க்ரைம்தான். பில்லை காட்டி தப்பிக்க முடியாது.