சுக்குவுக்கு ஓர் இடம் கிடைத்தது

சுக்கு போன சனிக்கிழமை போய்ச் சேர்ந்துவிட்டான். இதை இப்படியே சொன்னதும் எதிர்வீட்டு அம்மா கண்ணைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். "ஐயோ, செங்கல்பட்டுப் பக்கம் ஒரு காப்பகத்துக்குங்க" என்று அவசரமாகச் சேர்க்க வேண்டியதாயிற்று.

மடிப்பாக்கத்தில் எங்கள் தெருமுனை டீக்கடை நாய் அவன். தண்ணீர் லாரி இடித்ததில் முதுகெலும்பு போய்விட்டது. வேப்பேரி கால்நடை மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்தார்கள். பின்னங்கால் விரலைக் கிடுக்கியால் அழுத்திப் பார்த்தார்கள்; அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இனி நடப்பது சந்தேகம்தான் என்றார் டாக்டர். மூத்திரமும் தானாகப் போகாது, நாளுக்கு மூன்று நான்கு தடவை அடிவயிற்றை அழுத்தி எடுக்க வேண்டும். இதில் சிக்கல் என்னவென்றால், வயிற்றில் கை வைத்தால் சுக்கு கடிப்பான்.

மொட்டைமாடிக் கொட்டகையில் வைத்துக்கொண்டேன். வாடகை வீடு. "பொங்கல் வரைக்கும்தான்" என்று வீட்டு ஓனர் கெடு வைத்தார்.

தத்துக்குப் படம் போட்டால் வந்த போன் எல்லாம் "குட்டி இருக்கா?" என்றுதான். மாநகராட்சியில் கேட்டேன். "பிடிச்சா கருத்தடை பண்ணி அதே தெருவுல விடணும் மேடம், 2023 விதி அப்படித்தான் இருக்கு" என்றார்கள். சுக்கு காதில் ஏற்கெனவே கருத்தடை ஆனதற்கு அடையாளமான வெட்டு இருக்கிறது. நல்லபடியாக ஓடியாடும் நாய்க்கு அது நியாயமான விதிதான், குறை சொல்ல மாட்டேன். இடுப்பை இழுத்துக்கொண்டு போகும் நாயை அதே தெருவில் எப்படி விடுவது? "ஊசி போட்டு அனுப்பிடுங்க" என்று சொன்னவர்களும் உண்டு. குணமாகவே ஆகாது என்று அதற்கென நியமித்த குழு சொன்னால் அதற்கும் விதியில் இடம் இருக்கிறது. ஆனால் இவன் மூன்று வேளையும் தட்டை நக்கி முடித்துவிட்டு, பால் பாக்கெட் போடும் பையனைத் தெருவே அதிரும்படி குரைத்தான். டாக்டரே சிரித்துவிட்டார்.

சரி, காப்பகம் தேடுவோம் என்று இறங்கினேன். முதலில் பேசிய இடத்தில் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. "25,000 ரூபாய் கட்டிடுங்க, இன்னைக்கே கொண்டு வாங்க." எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா! நல்லவேளை, நாயை விட்டுவிட்டு நான் மட்டும் போய்ப் பார்த்தேன். ஆபீஸ் அறையைத் தாண்டி உள்ளே விடவில்லை. பக்கவாட்டுச் சுவர் உடைந்திருந்த இடத்தில் எட்டிப் பார்த்தேன். நடக்க முடியாத நாய்கள் வெறும் சிமெண்ட் தரையில் கிடந்தன. தேய்ந்து தேய்ந்து தொடையெல்லாம் புண், அதில் ஈ. பேசாமல் திரும்பி வந்துவிட்டேன். உள்ளே விடாத இடத்துக்கு, யார் சிபாரிசு செய்தாலும், நாயைக் கொடுக்காதீர்கள்.

இரண்டாவது இடம் நேரெதிர். இரண்டு பக்கப் படிவம். யாரைக் கடித்தது, எப்போது, எந்த இடத்தைத் தொட்டபோது, மூத்திரம் யார் எடுக்கிறார்கள், எத்தனை மணிக்கு. நான் ஒரு தப்பு செய்தேன். கடிப்பான் என்று எழுதினால் வேண்டாம் என்றுவிடுவார்களோ என்று பயந்து, "கொஞ்சம் கூச்ச சுபாவம்" என்று எழுதிவைத்தேன். மறுநாளே மேனேஜர் போன் செய்தார். "அக்கா, கூச்சம்னா எத்தனை பேரைக் கடிச்சிருக்கான்?" மூன்று பேர் என்று ஒப்புக்கொண்டேன். "கடிக்கிற நாயால பிரச்சனை இல்லக்கா. கடிக்காதுன்னு சொல்லிக் கொண்டுவந்து விடுற நாயாலதான் எங்க ஆளுங்க ஆஸ்பத்திரிக்குப் போறாங்க."

முடங்கிய நாய்களுக்கான கூண்டு காலியாக ஏழு வாரம் ஆனது. ரத்தப் பரிசோதனை, டிஸ்டெம்பர் என்ற நாய்த் தொற்றுநோய்க்கான பரிசோதனை எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன. குட்டியானை வண்டிக்கு 1,800 ரூபாய் பேசி, விடியற்காலையில் கிளம்பினோம். கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். தடுப்பூசி அட்டையில் "ஏ.ஆர்.வி. போட்டாச்சு" (வெறிநாய்க்கடி தடுப்பூசி) என்று கிறுக்கல் மட்டும்தான் இருந்தது. மருந்துப் பாட்டிலின் ஸ்டிக்கர் இல்லை, பேட்ச் நம்பர் இல்லை, டாக்டரின் பதிவு எண் இல்லை. கத்தினேன். அழவும் செய்தேன். அவர்கள் அசையவில்லை. சுக்கு வேறு வண்டியிலேயே மூத்திரம் முட்டி முனகிக்கொண்டிருந்தான். அங்கிருந்த ஓர் அம்மா வந்து அழுத்தி எடுத்துவிட்டார், அட்டைக்கு மட்டும் இரக்கம் காட்டவில்லை.

திரும்பி வந்து ஊசி போட்ட கிளினிக்கில் கேட்டால், கவுண்டரில் இருந்தவர் தலையை நிமிர்த்தாமலே, "அந்தப் பாட்டில் தீர்ந்துடுச்சு, நம்பரை நான் எங்க போய்த் தேடுறது?" என்றார். வேறு டாக்டரிடம் சுக்குவுக்குப் புதிதாகப் போடவைத்தேன். ஊசி போட்டு மூன்று வாரம் கழித்துத்தான் வர வேண்டும் என்பது காப்பகத்தின் கணக்கு. பொங்கலும் போயிற்று. ஓனரிடம் கெஞ்சிய கதையைத் தனியாகத்தான் எழுத வேண்டும். ஊசி போடும்போதே ஸ்டிக்கரை ஒட்டச் சொல்லி, அங்கேயே நின்று செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த மூன்று வாரமும் வீணாகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். வாய்ப்பூட்டுக்குள் முட்டைத் துண்டை வைத்து, அவனாகவே மூக்கை நுழைக்கும்வரை பழக்கினேன். நான் மூத்திரம் எடுப்பதை மாடிவீட்டுத் தம்பி வீடியோ எடுத்துக் கொடுத்தான். வாயால் சொன்னால் யாருக்கும் புரியாது. மாதம் 2,500 ரூபாய் அனுப்புவதாக எழுதிக் கொடுத்தேன். 5,000 என்று பெருமைக்குச் சொல்லி, நாலாம் மாதம் போனை எடுக்காமல் விடுகிறவர்கள்தான் அதிகமாம்.

இரண்டாம் தடவை கேட்டில் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. பதினான்கு நாள் தனிக் கூண்டு, அதுவரை நான் பார்க்க வரக்கூடாது.

நேற்றிரவு மனசு கேட்காமல் போன் செய்தேன். அன்றைக்கு வண்டியில் ஏறி அழுத்தி எடுத்த அதே அம்மாதான் எடுத்தார். நன்றாகச் சாப்பிடுகிறானாம். செவ்வாய்க்கிழமை அவரைக் கடித்துவிட்டானாம். எனக்குக் கை நடுங்கியது.

"கையுறை போட்டிருந்தேன், விடுங்க. அட்டையையும் எடுத்துப் பாத்துட்டோம், நம்பர் இருக்கு."