பல்லைக் கடிங்க

வண்டி சறுக்கியபோது ஹெல்மெட் போட்டிருந்தேன், ஆனால் முகத்தை மூடாத வகை. தலை தப்பியது, அடியை முகம் வாங்கிக்கொண்டது.

முகத்தாடை அறுவை நிபுணர் சிடி ஸ்கேனின் முப்பரிமாணப் படத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். மேல்தாடை மூக்கோடு சேர்ந்து மண்டையிலிருந்து கழன்று நின்றது. இதற்கு லெ ஃபோர்ட் இரண்டாம் வகை என்று பெயர். 1901இல் ரெனே லெ ஃபோர்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர், இறந்தவர்களின் தலைகளில் அடித்துப் பார்த்து, முகம் எந்தெந்தக் கோடுகளில் பிளக்கிறது என்று வகைப்படுத்தினாராம். போதாததற்கு இடது கன்ன எலும்பு உள்ளே அமுங்கி, கண்குழியின் தரையும் உடைந்திருந்தது.

"முகம் பழையபடி ஆகுமா டாக்டர்?" என்றேன். பதில் வரவில்லை. "பல்லைக் கடிங்க. முன்னாடி மாதிரி சேருதா?" என்று கேட்டார். கடைவாய்ப் பல் முட்டியது, முன்பற்கள் சேரவில்லை. பல் தெரியச் சிரிக்கிற பழைய போட்டோ ஒன்றைக் கொண்டுவரச் சொன்னார். நல்லவேளை, அண்ணன் கல்யாணப் போட்டோவில் நான் இளித்துக்கொண்டிருந்தேன்.

உடனே ஆபரேஷன் செய்யாததில் வீட்டில் எல்லோருக்கும் கோபம். வீக்கம் வடியாமல் திறந்தால் எலும்பு எங்கே பொருந்துகிறது என்று சரியாகத் தெரியாது, ரொம்பத் தள்ளிப்போட்டால் தப்பான இடத்திலேயே ஒட்ட ஆரம்பித்துவிடும் என்று விளக்கினார்கள். எட்டு நாள் காத்திருந்தேன். மூக்கைச் சிந்தக் கூடாது என்று கண்டிப்பான உத்தரவு. சிந்தினால் உடைசல் வழியாகக் காற்று புகுந்து கண்ணைச் சுற்றி உப்பிவிடுமாம். மூக்கிலிருந்து தண்ணீர் மாதிரி ஏதாவது ஒழுகுகிறதா என்று தினமும் கேட்டார்கள். அது மூளையைச் சுற்றியுள்ள நீராக இருக்கலாம் என்று அப்புறம்தான் தெரிந்தது. முதலிலேயே சொல்லியிருந்தால் தூங்கியிருக்க மாட்டேன்.

ஆபரேஷன் ஆறு மணி நேரம். மூக்கும் உடைந்திருந்தது, வாயையும் மூடிக் கட்ட வேண்டும் என்பதால், மூச்சு விடுவதற்காக வாய்க்குள் போட்ட செயற்கைக் குழாயைத் தாடைக்கு அடியில் சிறிய துளை போட்டு அதன் வழியாக வெளியே எடுத்தார்கள். முதலில் மேல்பல்லையும் கீழ்பல்லையும் சரியான கடியில் சேர்த்துக் கம்பியால் கட்டினார்களாம். அந்தக் கடியை அளவாக வைத்துத்தான் மேலே உள்ள எலும்புகளை ஒவ்வொன்றாகப் பொருத்தி, டைட்டானியம் தகடும் திருகும் வைத்தார்கள். கண்குழித் தரைக்கு ஒரு வலை. மேலுதட்டுக்குள்ளும் கீழ் இமைக்கு உள்பக்கமும் வெட்டியதால் வெளியே தெரிகிற தழும்பு தாடைக்கு அடியில் மட்டும்தான்.

கஷ்டமெல்லாம் அதற்குப் பிறகு வந்த மூன்று வாரம். பல் கட்டியபடியே இருந்தது. வாந்தி வந்தால் உடனே வெட்டிவிட, கம்பி வெட்டும் கருவி ஒன்று தலைமாட்டிலேயே கிடந்தது. வாந்தி வரவில்லை, ஆனால் அதைப் பார்க்கும்போதெல்லாம் வயிற்றைப் புரட்டியது. அரைத்து வடிகட்டியதை ஸ்ட்ராவில் உறிஞ்சி ஏழு கிலோ குறைந்தேன்.

கட்டை அவிழ்த்த அன்று வாய் ஒரு விரல் அளவுக்குத்தான் திறந்தது. ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கிப் பல்லிடுக்கில் வைத்து, இரண்டு நாளைக்கு ஒரு குச்சி கூட்டச் சொன்னார்கள். மூன்று விரல் நுழைய இரண்டு மாதம் ஆனது. மேலே பார்த்தால் எல்லாம் இரண்டாகத் தெரிந்ததும் கிட்டத்தட்ட அப்போதுதான் நின்றது.

கண்ணாடியைப் பார்த்து அழுத நாட்கள் உண்டு. டாக்டரோ ஒவ்வொரு முறையும் "பல்லைக் கடிங்க" என்றுதான் ஆரம்பிப்பார். எனக்கு எரிச்சலாக வரும். கடி சரியாக இருந்தால் தாடை அதன் இடத்தில் இருக்கிறது, வீக்கம் தானாக வடியும் என்பார். வடிந்தது. இடது கண் மட்டும் ஒரு நூல் உள்ளே போனது போல இருக்கிறது. நான் சொன்னால்தான் மற்றவர்களுக்குத் தெரியும்.

இன்னும் முழுசாகத் திரும்பாதது உணர்வு. கண்ணுக்குக் கீழே வருகிற நரம்பு அடிபட்டதால் கன்னமும் மூக்கின் ஓரமும் மேலுதடும் மரத்துப் போயிருந்தன. ஐந்தாம் மாதம் எறும்பு ஊர்வது போல ஆரம்பித்து, பெரும்பகுதி திரும்பிவிட்டது. ஒன்றரை வருடம் ஆகியும் உதட்டின் இடது பக்கம் காசளவு இடம் பாக்கி. சாப்பிடும்போது அங்கே ஏதாவது ஒட்டினால் எனக்குத் தெரியாது. எதிரே உட்கார்ந்திருக்கும் அண்ணன் பேச்சை நிறுத்தாமலே தன் உதட்டைத் தொட்டுக் காட்டுவான், நான் துடைத்துக்கொள்வேன்.