பொம்மைக்கு உயிர் கொடுக்கப் போன நாள்

பி.எஸ்சி. நர்சிங் மூன்றாம் ஆண்டில் எங்களை சிபிஆர் (இதயம் நின்றவருக்கு மார்பை அழுத்தி, மூச்சு கொடுக்கும் முதலுதவி) பயிற்சிக்காக சிமுலேஷன் லேபுக்கு அழைத்துப் போனார்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு என எல்லாம் எனக்கு மனப்பாடம். தைரியமாகத்தான் போனேன்.

கட்டிலில் மேனிகின் என்ற பயிற்சி பொம்மை. "பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று மயங்கிவிட்டார்" என்று மைக்கில் மேடத்தின் குரல். கழுத்தில் நாடி பார்த்தேன். 10 விநாடிக்குள் முடிவெடுக்க வேண்டும். துடிப்பது போலவே இருந்தது. துடித்தது பதற்றத்தில் இருந்த என் விரல் நுனி! அதிலேயே அரை நிமிடம் போய்விட்டது.

அப்புறம் அழுத்த ஆரம்பித்தேன். நன்றாகத்தான் செய்கிறேன் என்று நினைத்தேன். ஆனால் ஒரு நிமிடம் தாண்டியதுமே திரையில் ஆழம் குறைந்துகொண்டே வந்தது. களைப்பு கைக்குத் தெரியும் முன்பே அழுத்தத்தில் தெரிந்துவிடுகிறது. 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறச் சொல்வது இதற்காகத்தான். இன்னொரு தவறு, ஒவ்வொரு முறையும் கையை முழுக்கத் தளர்த்தாமல் மார்பின் மேலேயே சாய்ந்திருந்தேன். மார்பு முழுதாக மேலெழுந்தால்தான் இதயத்துக்குள் ரத்தம் திரும்ப நிரம்பும்.

மானிட்டரில் நேர்கோடு. இதயத்தில் மின் துடிப்பே இல்லாத ஏசிஸ்டோல் நிலை, ஷாக் கொடுத்துப் பயனில்லை. இதற்கு அட்ரினலின் மருந்துதான். "யாராவது அட்ரினலின் எடுங்க" என்றேன். ஆறு பேர் இருந்தோம், ஒருவரும் நகரவில்லை.

பயிற்சி முடிந்ததும் எங்களைப் பதிவு செய்த வீடியோவைப் போட்டுக் காட்டும்போது மேடம் திட்டவே இல்லை. "யாரிடம் கேட்டாய்?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அந்த ஒரு மணி நேரப் பேச்சில் கற்றதை நான் எந்த வகுப்பிலும் கற்றதில்லை.

இரண்டாவது சுற்றில் தோழியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "அட்ரினலின் 1 மில்லிகிராம், ஐவி" என்றேன். ஐவி என்றால் ரத்தக்குழாய் வழியாக. அவள் அதை அப்படியே திருப்பிச் சொல்லி, மருந்தைப் போட்டு, பின்னாலேயே சலைனும் செலுத்திவிட்டு, "கொடுத்தாச்சு" என்றாள். இன்னொருத்தி நேரத்தைக் குறித்தாள்.

நான்கு மாதம் கழித்து வார்டில் நிஜமாகவே கோட் ப்ளூ, அதாவது இதயம் நின்றுபோன நோயாளிக்கான அவசர அழைப்பு. மாணவியான எனக்குக் கடிகாரம் பார்க்கும் வேலை. 2 நிமிடம் ஆனதும், "ஆள் மாறுங்க சிஸ்டர்" என்று சத்தமாகச் சொன்னேன். அழுத்திக்கொண்டிருந்த சீனியர் சிஸ்டர் உடனே நகர்ந்து இடம் விட்டார்.