ஹீலியோஸ் 44-2: துடைத்தாயிற்று, இனி மாட்ட வேண்டும்

துடைக்கிற வேலை ஒருவழியாக முடிந்தது. மேசையில் விரித்த வெள்ளைத் துணியில் ஒரு ஹீலியோஸ் 44-2, பழைய சோவியத் கேமரா லென்ஸ், முழுசாகப் பிரிந்து கிடக்கிறது. வரிசை எண் 78 என்று தொடங்குவதால் 1978இல் செய்ததாக எடுத்துக்கொள்கிறேன், முத்திரை ரஷ்யாவின் வால்டாய் ஆலையுடையது. ஸெனித் கேமராவோடு கூடவே வந்த லென்ஸ் இது. போருக்கு முன்பு ஜெர்மனியின் யெனாவில் கார்ல் ஸைஸ் உருவாக்கிய பயோட்டார் 58 மி.மீ., எஃப் 2 வடிவத்தைத்தான் சோவியத் ஆலைகள் எடுத்துக்கொண்டு பல பத்தாண்டுகள் செய்து தள்ளின. மொத்தம் 6 கண்ணாடி, 4 தொகுதி. அப்பர்ச்சரை (வெளிச்சம் நுழையும் துளையை) கேமரா தானாக மூடுவதற்கான உலோக முள், ஸ்பிரிங் எதுவும் இதில் கிடையாது (பிறகு வந்த 44எம் வகையில் அது உண்டு), அதனால் முதன்முறை லென்ஸ் கழற்றுகிறவர்களுக்கு நான் இந்த லென்ஸைத்தான் சொல்வேன்.

எல்லோரும் கண்ணாடியைத் துடைப்பது பற்றியே கேட்கிறார்கள். அதில் பெரிதாக ஒன்றுமில்லை. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், லென்ஸ் டிஷ்யூ, பொறுமை. ஒன்றோடொன்று ஒட்டிய ஜோடிக் கண்ணாடிகளை மட்டும் எந்த திரவத்திலும் ஊறப்போடக் கூடாது, ஓரத்தில் பசைக்குள் இறங்கிவிடும். ஆளைப் படுத்துவதெல்லாம் உலோகப் பகுதிதான், அதுவும் திரும்ப மாட்டும்போது.

முதலில் அப்பர்ச்சர் இதழ்கள். எட்டு இதழ், ஒவ்வொன்றுக்கும் இரண்டு முனையிலும் ஒரு குட்டி முளை, ஒன்று மேல்பக்கம், ஒன்று கீழ்ப்பக்கம். கீழ் முளை கிண்ணத்தில் உள்ள துளையில் உட்கார வேண்டும், மேல் முளை சுழலும் வளையத்தின் பள்ளத்துக்குள் போக வேண்டும். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு வந்தால் ஏழு வரைக்கும் சுகமாகப் போகும். எட்டாவது, முதல் இதழுக்கு அடியில் நுழைய வேண்டுமே, அங்கேதான் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது, ஏனென்றால் முதல் இதழின் வாலை ட்வீசரால் லேசாகத் தூக்கும்போது பக்கத்து இதழின் முளை துளையிலிருந்து எழும்பிவிடும், அதை அமுக்கினால் அதற்கு அடுத்தது எழும்பும். மின்விசிறியை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள். இதழ்கள் அவ்வளவு மெல்லியவை. எல்லாம் உட்கார்ந்ததும் வளையத்தை மேலே வைத்து, அழுத்தாமல், இரண்டு பக்கமும் துளித்துளி ஆட்டினால் எட்டு முளையும் பள்ளத்தில் இறங்குவது விரலிலேயே தெரியும்.

இதழ்களில் எண்ணெய் போடலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். வேண்டவே வேண்டாம், காய்ந்தே இருக்கட்டும். இந்த லென்ஸில் அப்பர்ச்சரைக் கையால் திருப்புவதால் எண்ணெய் படிந்தாலும் வேலை செய்யும், அது சரி, ஆனால் அந்த எண்ணெய் நாளடைவில் ஆவியாகி உள்கண்ணாடியில் புகைபோலப் படியும்.

அடுத்தது ஹெலிகாய்ட், அதாவது ஃபோகஸ் வளையத்தைத் திருப்பினால் லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்தும் மரை. சாதாரண போல்ட்டில் மரைக்கு ஒரே தொடக்கம். இதில் பல மரைகள் பக்கம் பக்கமாகத் தொடங்குகின்றன, எதில் நுழைத்தாலும் வெண்ணெய் மாதிரி உள்ளே போகும். போகட்டும், ஆனால் சரியான வாய் ஒன்றுதான். தப்பான வாயில் போனால் ஒரு முனையில் முடிவிலிக்கு, அதாவது வெகுதூரப் பொருளுக்கு, ஃபோகஸ் எட்டாது, அல்லது மறுமுனையில் அரை மீட்டருக்குக் கிட்டே வராது. இதற்காகத்தான் கழற்றும்போது இரண்டு உருளையும் பிரியும் கணத்தில் நிறுத்தி, ஊசியால் இரண்டிலும் நேருக்கு நேராக ஒரு கோடு கீறி, போனில் படமும் எடுத்து வைத்திருந்தேன். இப்போது கோடுகளை நேராக வைத்து, முதலில் பின்னோக்கித் திருப்பினேன், மரை விளிம்பு 'டுக்' என்று விழுந்ததும் முன்னோக்கி. முதல் சுற்று கிரீஸ் இல்லாமல்தான், வெறுமனே சரிபார்க்க.

கிரீஸ் விஷயத்தில் வாசலினைச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். சென்னை வெயிலில் அது இளகி எங்கெங்கோ ஓடும், கேட்காதீர்கள். ஹெலிகாய்டுக்கென்றே விற்கும் கெட்டி கிரீஸ் கிடைக்கிறது. பல்குத்தும் குச்சியில் தொட்டு மரை முழுக்க மெல்லிய பூச்சு, பிறகு சில தடவை கடைசிவரை திருப்பி, வெளியே பிதுங்கியதைத் துடைத்தால் போதும். பழைய கிரீஸ் மெழுகாக இறுகிப்போய் வளையம் நகரவே அடம்பிடித்த லென்ஸ், இப்போது ஒற்றை விரலில் ஒரே சீராக நகர்கிறது.

கண்ணாடிகளைப் போடும்போது திசையைப் பாருங்கள். முன்கண்ணாடியின் அதிகம் புடைத்த பக்கம் வெளியே பார்க்க வேண்டும். சிலர் வேண்டுமென்றே இதைத் திருப்பிப் போட்டு, நடு மட்டும் தெளிவாகவும் ஓரமெல்லாம் கலங்கிச் சுழல்வதாகவும் படம் எடுக்கிறார்கள். நமக்கு வேண்டாம், இந்த லென்ஸின் பின்னணி ஏற்கெனவே போதுமான அளவு சுழலும். ஒவ்வொரு கண்ணாடியும் இறங்கியதும் ப்ளோயரால் ஊதி, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து தூசி பார்த்துவிட்டு அடுத்ததுக்குப் போனேன். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும், திரும்பவும் முதலிலிருந்து துடைக்க வேண்டியதுதான்.

கடைசியாக முடிவிலி. இது எம்42 என்கிற திருகு மரை லென்ஸ். இதற்கு மவுண்ட்டிலிருந்து (லென்ஸ் மாட்டும் வாயிலிருந்து) சென்சார் வரை 45.46 மி.மீ. இருக்க வேண்டும், சோனி ஈ மவுண்ட்டில் கேமராவே 18 மி.மீ. எடுத்துக்கொள்வதால் இடையில் மாட்டும் அடாப்டர் வளையம் 27.46 மி.மீ. இருந்தால் கணக்கு சரி. மலிவான அடாப்டர்கள் பெரும்பாலும் இதைவிடத் துளி மெலிசாக இருக்கும், முடிவிலியைத் தாண்டியும் ஃபோகஸ் போகும். என்னுடையதும் அப்படித்தான். இரவில் மொட்டை மாடியில் ட்ரைபாட் வைத்து, அப்பர்ச்சரை எஃப் 2இல் முழுக்கத் திறந்து, தூரத்து செல்போன் டவரின் சிவப்பு விளக்கைத் திரையில் பெரிதாக்கி, அது மிகச் சிறிய புள்ளியாகும் இடத்தில் லென்ஸை அசையாமல் பிடித்துக்கொண்டேன். ஃபோகஸ் வளையத்தைப் பிடித்திருக்கும் மூன்று குட்டித் திருகுகளைத் தளர்த்தி, வளையத்தை மட்டும் நகர்த்தி முடிவிலிக் குறியை நடுக்கோட்டுக்குக் கொண்டுவந்து, மூன்றையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். இந்த அளவு இந்த அடாப்டருக்கு மட்டும்தான், வேறு அடாப்டர் மாட்டினால் குறி தள்ளிப்போகும்.

இனி பாக்கி, தூர எண்களில் உதிர்ந்த வெள்ளைப் பெயின்ட். அதற்கு முன் அரை மீட்டரில் ஒரு செம்பருத்தியை எஃப் 2இலும் எஃப் 5.6இலும் எடுத்துப் பார்த்தேன், இரண்டிலும் நடுப்பகுதி எனக்குத் திருப்தி.