ஐந்து வட்டமும் ஒரு நெய் ரோஸ்ட்டும்

2021 ஜூன் 22. அலுவலகத்துக்கு லீவு சொல்லிவிட்டு, காலை ஐந்து மணிக்கு நியூயார்க் நகரத்தின் குவீன்ஸ் பகுதியில், ஜாக்சன் ஹைட்ஸ் பக்கம் ஒரு பள்ளிக்கூட வாசலில் வாக்குச்சாவடி ஊழியராக நின்றேன். கையில் ஒரு டப்பா தயிர் சாதம், ஃப்ளாஸ்க்கில் காபி. நியூயார்க்கில் வாக்குச்சாவடி ஆறு மணிக்குத் திறந்தால் இரவு ஒன்பதுக்குத்தான் மூடும். அதற்கு அப்புறமும் கணக்கு முடிக்க நேரமாகும். மேசைக்கு மேசை இரண்டு கட்சியிலிருந்தும் ஆள் இருக்க வேண்டும் என்பது விதி. எங்கள் பக்கம் குடியரசுக் கட்சிக்காரரைத் தேடிப் பிடிப்பதே பெரிய வேலை.

அன்று நடந்தது பிரைமரி, அதாவது கட்சிக்குள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல். ஜனநாயகக் கட்சி ஓங்கியிருக்கும் வார்டுகளில் ஜூனில் ஜெயித்தவர்தான் பெரும்பாலும் நவம்பரிலும் ஜெயிப்பார். ஆனால் கட்சியில் பதிந்தவர்களுக்கு மட்டும்தான் ஓட்டு. "வரி கட்டுகிறேன், வாடகை கட்டுகிறேன், எனக்கு ஏன் கிடையாது?" என்று எந்தக் கட்சியிலும் சேராத ஒருவர் காலை முழுக்கச் சண்டை போட்டார். பிரமாணப் பத்திரத்தோடு ஓட்டுப் போடலாம், ஆனால் எண்ணும்போது தள்ளிவிடுவார்கள் என்று சொன்னேன். சரி, கொடு என்று வாங்கி, அழுத்தி அழுத்தி நிரப்பி, உறையை நக்கி ஒட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்.

எல்லோரும் பேசியது மேயர் பதவியைத்தான். ஜனநாயகக் கட்சியில் அதற்கு மட்டும் 13 பேர். அதே நாளில் நடந்த நகர கவுன்சில் தேர்தல் அந்தச் சத்தத்தில் அமுங்கிப்போனது. எனக்கு அதில் வருத்தம்தான். குப்பை வண்டி வராவிட்டாலும், தெருமுனையில் பதினைந்து மாடிக் கட்டடம் எழுந்தாலும் நாம் போய் நிற்பது கவுன்சில் உறுப்பினர் அலுவலகத்தில்தான். மொத்தம் 51 இடங்கள். தொடர்ந்து இரண்டு தவணைக்கு மேல் இருக்க முடியாது என்பதால் அந்த வருடம் முப்பதுக்கும் மேற்பட்ட இடங்கள் காலி. போதாததற்கு, நகரவாசி ஒருவர் தரும் சிறு நன்கொடைக்கு நகரமே எட்டு மடங்கு சேர்த்துக் கொடுக்கும் திட்டம். பத்து டாலர் வாங்கினால் தொண்ணூறு டாலர். பணக்கார நண்பர்கள் இல்லாதவர்களும் துணிந்து இறங்கினார்கள், வாக்குச்சீட்டு நீண்டது.

அதோடு வரிசை ஓட்டு வேறு. 2019-இல் மக்களே வாக்களித்துக் கொண்டுவந்த முறை. நகரம் முழுக்க அன்றுதான் முதல் தடவை. பெயருக்கு நேரே இருக்கும் வட்டத்தைக் கருப்பாக்கி, ஐந்து பேர் வரை ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசைப்படுத்தலாம். யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால், கடைசியில் இருப்பவரை நீக்கி, அவருக்குப் போட்டவர்களின் அடுத்த விருப்பத்துக்கு அந்த ஓட்டை மாற்றுவார்கள். வேட்பாளர் பெயரைச் சொல்லி விளக்கக் கூடாது என்று பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார்கள்.

மத்தியானம் மூன்று மணி வாக்கில் ஒரு பெரியவர் வந்தார். நெற்றியில் விபூதி. என் பெயர்ப் பட்டையைப் பார்த்துவிட்டு, "தம்பி, தமிழா? இது என்னப்பா, பரீட்சை பேப்பர் மாதிரி இருக்கு?" என்றார். பக்கத்து மேசைக்காரரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டுத் தமிழிலேயே விளக்கினேன். "ஐயா, ஃப்ளஷிங் பிள்ளையார் கோயில் கேன்டீனுக்குப் போறீங்க. நெய் ரோஸ்ட் கேக்குறீங்க. தீர்ந்துபோச்சுங்கிறாங்க. அப்ப மசால் தோசை. அதுவும் இல்லன்னா இட்லி. இதையெல்லாம் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துடறீங்க, அவ்வளவுதான்."

பெரியவர் யோசித்தார். "நெய் ரோஸ்ட் இல்லேன்னா நான் வீட்டுக்குப் போய்டுவேனே?"

சிரித்துவிட்டேன். அதுவும் செல்லும் ஓட்டுதான். ஒருவருக்கு மட்டும் போடலாம். எண்ணிக்கையில் அவர் நீக்கப்பட்டால் அந்த ஓட்டு அத்தோடு நின்றுவிடும். பலர் ஒரே பெயருக்கு ஐந்து வட்டத்தையும் கருப்பாக்கினார்கள். அப்படிச் செய்தால் பலம் கூடாது, ஒரு தடவைதான் எண்ணுவார்கள். நல்ல பொருத்தமான உதாரணம் என்று நான் நினைத்ததில், வேறு ஒன்றும் வேண்டாம் என்று எழுந்துபோகிறவருக்கு இடமே வைக்கவில்லை. அடுத்து வந்தவர்களிடம் தோசைக் கதை சொல்லவில்லை. "பிடித்தவரை முதலில் போடுங்கள், சகித்துக்கொள்ளக் கூடியவர்களை அப்புறம்" என்று மட்டும் சொன்னேன்.

ஒன்பது மணிக்குக் கதவைச் சாத்தியதும் ஸ்கேனர் இயந்திரம் நீளமாக ரசீது மாதிரி ஒரு தாளைக் கக்கியது. அதை வைத்து யார் ஜெயித்தார் என்று சொல்லிவிட முடியாது. தபால் ஓட்டு வந்து சேர வேண்டும், அப்புறம் சுற்றுச் சுற்றாகக் கணக்கிட வேண்டும். மேயர் தேர்தலின் வரிசை ஓட்டுக் கணக்கு முதல் தடவை வெளியானபோது சோதனைக்காக ஓட்டிப் பார்த்த சுமார் 1,35,000 ஓட்டுகளும் அதில் கலந்திருந்தது தெரியவந்து, வாபஸ் வாங்கினார்கள். அந்த வாரம் நண்பர்கள் என்னைக் கேட்ட கேள்வியெல்லாம், நானே இயந்திரத்துக்குள் கை விட்டது போல இருந்தது. எங்கள் வட்டாரத்தில் ஜெயித்த சேகர் கிருஷ்ணனும், புரூக்ளினில் ஜெயித்த ஷஹானா ஹனீஃபும் நவம்பரிலும் வென்று, கவுன்சிலின் முதல் தெற்காசிய உறுப்பினர்கள் ஆனார்கள்.

நவம்பர் 2-ஆம் தேதி அதே பள்ளிக்கூட ஜிம், அதே மேசை. பெரியவரும் வந்தார். பொதுத்தேர்தலில் வரிசை ஓட்டு கிடையாது, மேயர் பதவிக்கு ஒரே ஒரு வட்டம்தான். சீட்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"இந்தத் தடவை இட்லி, மசால் தோசை எதுவும் இல்லையா?"

"இல்லைங்க ஐயா. ஒண்ணே ஒண்ணுதான்."

"நல்லதாப் போச்சு" என்று பேனாவை வாங்கிக்கொண்டு மறைப்புக்குள் போனார்.